தொழிற்பயிற்சிக்கு யார் பணம் கட்டுவது?

மத்திய அரசின் பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா (பி.எம்.கே.வி.ஒய்.) திட்டத்தில் திறன் பயிற்சி பெற்றவர்களின் பட்டியலைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் எடுத்துப் பார்த்தபோது, சிலருடைய வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒன்றுகள் வரிசைகட்டி நின்றன. அதுகூடச் சில்லறை விஷயம்தான். 95.90 லட்சம் பேரின் பதிவுகளைச் சோதித்ததில் 90.66 லட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு 94 பேருக்கு மேல், அந்த இடம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தது. ஒரே புகைப்படம் பல பெயர்களுக்கு ஒட்டப்பட்டிருந்தது. பயிற்சி நடப்பதாகக் கணக்கில் இருந்த சில மையங்கள் நேரில் போய்ப் பார்த்தபோது மூடிக் கிடந்தன. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இந்த அறிக்கை 2015 முதல் 2022 வரையிலான காலத்தைப் பற்றியது. ஆதார் வழியாகப் பணம் செலுத்த முடிவெடுத்ததால் கணக்கு எண் கட்டாயமாக இல்லை என்று அமைச்சகம் விளக்கம் தந்தது. விளக்கம் சரியாகவே இருக்கட்டும். ஒரு கோடிப் பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் திட்டத்தில், அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழியை யாரும் ஏன் அவசியமாக நினைக்கவில்லை என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இதை ஊழல் கதையாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவது எளிது. ஆனால் திருட்டே நடக்காமல் எல்லாரும் யோக்கியமாக நடந்திருந்தாலும் இந்தத் திட்டம் பெரிதாக எதையும் சாதித்திருக்காது என்பதே என் கட்சி. கோளாறு அமைப்பிலேயே இருந்தது. 2008-ல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு வந்த தேசியக் கொள்கை, 2022-க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது. 2014-ல் ஆட்சி மாறி, திறன் மேம்பாட்டுக்கெனத் தனி அமைச்சகமே வந்தது. 2015-ல் வந்த புதிய கொள்கை அந்த இலக்கைச் சுமார் 40 கோடியாகத் திருத்தியது. இரண்டு ஆட்சிகளும் ஒன்றில் ஒத்துப்போயின: முதலில் எண், பிறகுதான் மற்றதெல்லாம். எந்தத் தொழிற்சாலையில் எத்தனை வெல்டர் வேண்டும், எந்த மாவட்டத்தில் எத்தனை எலெக்ட்ரீஷியனுக்கு வேலை இருக்கிறது என்று கீழிருந்து கூட்டி வந்த கணக்கு இல்லை அது. இலக்குகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்பதை 2016-ல் அரசே அமைத்த சாரதா பிரசாத் குழுவும் எடுத்துச் சொன்னது. பாடத்தரத்தை வகுப்பதும் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவதும் ஒரே கையில், அதாவது தொழில்துறைத் திறன் கவுன்சில்களிடம் இருப்பது நலன் முரண்பாடு என்றும் அக்குழு கடுமையாகச் சொன்னது.

இத்தனை பெரிய எண்ணை எட்ட வேண்டுமானால் பயிற்சி மலிவாகவும் குட்டையாகவும் இருந்தே ஆக வேண்டும். 2016-ல் தொடங்கிய பி.எம்.கே.வி.ஒய். இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கியது ரூ.12,000 கோடி, இலக்கு ஒரு கோடிப் பேர். தலைக்கு 12,000 ரூபாய். அதற்குள் இடவாடகை, பயிற்றுநர் சம்பளம், இயந்திரம், தேர்வுக் கட்டணம், நடத்துபவரின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். குறுகிய காலப் பயிற்சி 150 முதல் 300 மணி நேரம்தான். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்புக்கு இரண்டு ஆண்டுகள், வெல்டருக்கு ஓர் ஆண்டு. ஏன் அவ்வளவு காலம் என்று தெரிந்துகொள்ள பிட்டர் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாலே போதும். முதல் சில வாரங்கள் பையனுக்கு வைஸில் பிடித்த இரும்புத் துண்டும் கையில் அரமும்தான் உலகம். ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவி, மூலைமட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால் இடுக்கில் ஒளி கசியும். மறுபடி ராவ வேண்டும். பிறகு ஒரு துண்டின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் இடைவெளி தெரியாமல் உட்காரும்படி செய்ய வேண்டும். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பார்க்கத் தெரிவது ஒரு நாள் பாடம். கை அதற்குக் கட்டுப்பட மாதங்கள் ஆகும். முந்நூறு மணி நேரத்தில் இதைக் கற்றுத்தர முடியாது என்பது பட்டறையில் நின்ற எவருக்கும் தெரியும். தெரிந்தே நடந்தது.

நடந்ததற்குக் காரணம் பணம் போன வழி. பயிற்சி மையம் ஆள் சேர்த்ததும் ஒரு பகுதி, சான்றிதழ் கிடைத்ததும் பெரும்பகுதி என்று தொகை வந்து சேர்ந்தது. வேலை கிடைத்ததைக் காட்டினால்தான் என்று நிறுத்திவைத்தது சிறு பகுதி மட்டுமே. மையத்தின் கண்ணோட்டத்தில் பாருங்கள். அதன் வாடிக்கையாளர் மாணவரும் இல்லை, அவரை வேலைக்கு வைக்கப்போகும் நிறுவனமும் இல்லை, அரசுதான் வாடிக்கையாளர். அரசு வாங்குவது சான்றிதழ். வாங்குபவர் கேட்டதை விற்பவர் கொடுத்தார். தணிக்கை அறிக்கையின்படி, குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் பெற்ற 56.14 லட்சம் பேரில் வேலையில் அமர்த்தப்பட்டதாகக் காட்டப்பட்டவர்கள் 41 சதவீதம். இந்த நிலைக்கு அரசு கண்ட மருந்துதான் விசித்திரம்: 2022-க்குப் பிறகு வந்த நான்காம் கட்டத்தில், வேலைவாய்ப்புக்கும் மையத்துக்குத் தரும் பணத்துக்கும் இருந்த தொடர்பையே அறுத்துவிட்டார்கள். பயிற்சி பெற்றவர் தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் என்று அதற்குப் பெயர்.

பயிற்சிக்குப் பணம் கட்டுபவர் எவரோ, அவர் கேட்பதே பயிற்சியாக வந்து சேரும். தொழில் தெரிந்த ஆள் வேண்டும் என்று உண்மையாகவே கேட்கக்கூடியவர் அவரை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒருவர்தான். ஆனால் இந்த ஏற்பாட்டில் அவர் பைசா கட்டவில்லை. அதனால் பாடம் சரியில்லை என்று சண்டை போடவும் அவருக்குக் காரணமில்லை. சான்றிதழோடு வருபவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதுவும் தெரியாதவருக்குத் தரும் அதே கூலியைத் தந்து, வேலையைத் தன் கடையிலேயே கற்றுக்கொள்ள விட்டுவிடுகிறார். எந்தத் தொழில்துறை மாநாட்டுக்குப் போனாலும் திறமையான ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பல் இருக்கும். அந்த ஆளை உருவாக்க நீங்கள் எவ்வளவு செலவிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு.

கேட்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-லேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட அளவு தொழிலாளர் உள்ள நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். மீறினால் சிறை என்றுகூட அதில் இருந்தது. சிறைக்கு யாரும் பயப்படவில்லை, அப்ரண்டிஸ்களையும் போதிய அளவில் எடுக்கவில்லை. 2014-ல் சட்டத்தைத் திருத்திச் சிறைத் தண்டனையை நீக்கினார்கள். இன்று 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்கள் இருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. அந்தத் திருத்தம் வைத்த அபராதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 பேர் உள்ள ஆலை குறைந்தது 10 பழகுநர்களை எடுக்க வேண்டும். 2019 விதிகளின்படி மிகக் குறைந்த உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் 50,000 ரூபாய் செலவு. ஒருவரையும் எடுக்காமல் இருந்தால் அபராதம், குறையும் ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், அதன்பின் 1,000 ரூபாய். அதாவது 5,000, பிறகு 10,000. உதவித்தொகையில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்றாலும் மீதி குறைந்தது முப்பத்தைந்தாயிரம் முதலாளியுடையது. சட்டத்தை மதிப்பதைவிட மீறுவது மலிவு. அபராதம் கேட்டு யாராவது வந்தால்தானே அதுவும்.

பெரிய நிறுவனங்கள் மனமுவந்து செய்யும் என்ற நம்பிக்கையும் சமீபத்தில் சோதிக்கப்பட்டது. 2024 பட்ஜெட்டில் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம், நாட்டின் முதல் 500 நிறுவனங்களில் ஐந்தாண்டில் ஒரு கோடி இளைஞர்கள் என்றது. முதல் சுற்றில் சுமார் 1.27 லட்சம் இடங்கள் காட்டப்பட்டன. 82,000 அழைப்புகள் போயின, 28,000 பேர் ஒப்புக்கொண்டனர், கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர். அப்போது மாத உதவித்தொகை 5,000 ரூபாய். வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கிச் சாப்பிட அது எப்படிப் போதும் என்பதை இளைஞர்கள் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் புதிய சீர்திருத்தத்தைப் பார்க்க வேண்டும். 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ரூ.60,000 கோடியில் ஐ.டி.ஐ. மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பி.எம்.-சேது என்ற பெயரில் அது தொடங்கிவைக்கப்பட்டது. மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில்துறை 10,000 கோடி தர வேண்டும். 1,000 அரசு ஐ.டி.ஐ.கள் தேர்வாகும்; அவற்றில் 200 மையமாகவும் 800 அவற்றைச் சார்ந்த கிளைகளாகவும் இயங்கும். நிர்வாகத்தில் ஒரு முன்னணித் தொழில் நிறுவனம் தலைமை ஏற்கும். பயிற்றுநர்களை உருவாக்கும் ஐந்து தேசிய நிறுவனங்களும் மேம்படுத்தப்படும். அவற்றில் ஒன்று சென்னையில் இருக்கிறது. திசை சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆள்சேர்ப்பு மையங்களிடமிருந்து பட்டறைக்கும், மாதக் கணக்கிலிருந்து ஆண்டுக் கணக்குக்கும், முழுக்க அரசுப் பணத்திலிருந்து ஓரளவேனும் தொழில்துறைப் பணத்துக்கும் திட்டம் திரும்பியிருக்கிறது. மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு என்றாலும் முதலாளி பணம் போட வேண்டும் என்று எழுதியிருப்பதே பெரிய விஷயம்.

ஆனால் இதற்கு முந்தைய அனுபவம் ஒன்று உண்டு. 2007-ல் 1,396 அரசு ஐ.டி.ஐ.களைத் தனியார் பங்கேற்புடன் மேம்படுத்தும் திட்டம் வந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ரூ.2.5 கோடி வட்டியில்லாக் கடன். நிர்வாகக் குழுவுக்குத் தொழில்துறையைச் சேர்ந்தவர் தலைவர். ஏறக்குறைய இன்றைய ஏற்பாட்டின் முன்னோட்டம். வித்தியாசம் ஒன்றுதான்: குழுத் தலைவர் தன் பையிலிருந்து எதுவும் போடவில்லை. அரசுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுபவருக்கும் தன் பணத்தைப் போட்டவருக்கும் உள்ள அக்கறை ஒன்றாக இருக்காது. பல ஊர்களில் அந்தக் குழுக்கள் பெயரளவுக்கே இயங்கின. அதே பத்தாண்டில் தனியார் ஐ.டி.ஐ.கள் ஆயிரக்கணக்கில் அங்கீகாரம் பெற்று முளைத்தன. இன்று நாட்டிலுள்ள சுமார் 15,000 ஐ.டி.ஐ.களில் ஐந்தில் நான்கு தனியாருடையவை. அவற்றில் நல்லவையும் உண்டு; ஓர் அறையும் பெயர்ப்பலகையுமாக அங்கீகாரம் வாங்கியவையும் உண்டு. புதிய திட்டத்தின் 10,000 கோடி உண்மையான ரொக்கமாக வருமா, பழைய இயந்திரங்களுக்கும் மென்பொருள் உரிமங்களுக்கும் விலை போட்டுக் காட்டும் கணக்காக வருமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலாளியிடம் பணம் வாங்குவது நடக்கிற காரியமா என்பவர்களுக்குப் பிரேசில் ஒரு பதில். அங்கே 1942-ல் செனாய் என்ற தொழிற்பயிற்சி அமைப்பைத் தொடங்கினார்கள். தொழிற்சாலைகள் தங்கள் சம்பளப் பட்டியலில் 1 சதவீதத்தை அதற்குக் கட்டுகின்றன. அமைப்பை நடத்துவதும் தொழிலதிபர்களின் கூட்டமைப்பே. சிங்கப்பூர் 1979-ல் திறன் மேம்பாட்டுத் தீர்வை என்று சட்டமே கொண்டுவந்தது. ஜெர்மனியில் நாடு தழுவிய பொதுத் தீர்வை கிடையாது. ஆனால் மாணவர் வாரத்தின் பெரும்பகுதியை நிறுவனத்தில் கழிக்க, அவருக்குரிய ஊதியத்தை நிறுவனமே தருகிறது, இறுதித் தேர்வைத் தொழில் வர்த்தகச் சபை நடத்துகிறது. மூன்று நாடுகளுக்கும் மூன்று வழி. தொழிற்பயிற்சியில் முதலாளியின் பணம் கிடக்கிறது என்பது மட்டும் மூன்றுக்கும் பொது. பணம் போட்ட பிறகு அவர் பாடத்திட்டத்தைப் படிக்கிறார், வாத்தியாரைக் கேள்வி கேட்கிறார், தான் கட்டியதற்கு ஈடாகத் தன் ஆட்களை அனுப்புகிறார். இந்தியாவிலும் இப்படி ஒரு தீர்வையைக் கொண்டுவந்து, கட்டியதைப் பழகுநர்களுக்குச் செலவழித்துத் திரும்பப் பெறலாம் என்று வைத்தால், எடுப்பவருக்கு நஷ்டமில்லை, எடுக்காதவருக்குத்தான் செலவு. மேலே சொன்ன அபராதக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

இது சிறுதொழிலை நசுக்கிவிடும் என்ற எதிர்ப்பு வரும். அதில் நியாயமும் இருக்கிறது. 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 15 முதல் 29 வயதுக்கு உட்பட்டவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம், முறைசாரா வழியில் கற்றவர்கள் 16.6 சதவீதம். அந்த 16.6 சதவீதத்தினருக்குக் கற்றுத்தந்தவர்களில் லேத் பட்டறைக்காரரும், டூவீலர் மெக்கானிக்கும், வயரிங் கான்ட்ராக்டரும் கணிசமானவர்கள். அவர்கள் ஏற்கெனவே யாரும் கேட்காமலே பயிற்சி தருகிறார்கள். அவர்களிடம் தீர்வை கேட்பது அநியாயம். தீர்வை பெரிய, நடுத்தர நிறுவனங்களிடம் இருக்கட்டும். கோவையின் பம்புசெட் பட்டறைகளும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் போலத் தொழில் கொத்தாக இருக்கும் ஊர்களில், அந்த நிதியில் பொதுவான பட்டறை ஒன்றை அவர்களுடைய சங்கமே நடத்தலாம். நான் கற்றுக்கொடுத்த பையனைப் பக்கத்துக் கம்பெனிக்காரன் நூறு ரூபாய் கூடக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகிறான் என்ற பழைய குறைக்கும் பெரிய, நடுத்தர நிறுவனங்கள் எல்லாம் கட்டும் தீர்வையே மருந்து.

ஏழைப் பிள்ளைகள் இரண்டு ஆண்டு காத்திருக்க முடியாது, குறுகிய பயிற்சிதான் அவர்களுக்குக் கைகொடுக்கும் என்பது இன்னொரு வாதம். பத்தாம் வகுப்போடு நின்று, வீட்டுக்கு உடனே பணம் அனுப்ப வேண்டியவருக்கு இரண்டு ஆண்டு பெரிய காலம்தான். ஆனால் அதற்கு வழி படிப்பைக் குறுக்குவதா, அந்தக் காலத்தில் அவர் கையில் பணம் இருக்கும்படி செய்வதா? தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் சேர்கிறது. போதாத தொகைதான். இரண்டாம் ஆண்டைத் தொழிற்சாலையில் ஊதியத்தோடு கழிக்க ஏற்பாடு செய்தால் போதும் என்ற அளவுக்கு வந்துவிடும். குறுகிய வகுப்புகளுக்கும் இடமுண்டு: பல வருடம் கொத்தனாராகவோ பிளம்பராகவோ வேலை பார்ப்பவர் புதிய கருவியோ புதிய முறையோ கற்க அது ஏற்றது. தொழிலே தெரியாதவரை 300 மணி நேரத்தில் தொழிலாளி ஆக்கிவிட்டதாகக் காட்டும்போதுதான் அது ஏமாற்று.

வேலையே இல்லாதபோது பயிற்சியைக் குறை சொல்லி என்ன பயன் என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பயிற்சி வேலையை உருவாக்காது என்பது சரிதான். முதலாளியின் பணம் வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் வேறில்லை. வேலை இல்லாத இடத்தில் அவர் பயிற்சிக்குப் பணம் போட மாட்டார். இல்லாத வேலைக்கு ஆயிரம் பேரைத் தயார்செய்யும் வீண்செலவு அங்கேயே நின்றுவிடும். தொழிற்சங்கங்கள் எழுப்பும் அச்சத்தைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். பழகுநர் என்ற பெயரில் நிரந்தரத் தொழிலாளியின் வேலையைப் பாதிச் சம்பளத்துக்கு வாங்கிக்கொள்வது ஆலைகளில் புதிதில்லை. உற்பத்தி வரிசையில் ஒரே திருகை எட்டு மணி நேரம் முடுக்குபவர் எதையும் பழகவில்லை. இதைத் தடுக்கத் தேர்வு ஒன்றே வழி: ஜெர்மனியில் நடப்பதுபோல நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவர் தேர்வு வைக்க வேண்டும், பழகுநர்கள் தொடர்ந்து தோற்கும் நிறுவனம் பழகுநர் வைக்கும் உரிமையை இழக்க வேண்டும். பாடத்தரமும் தேர்வும் ஒரே கையில் இருப்பதைக் கண்டித்த சாரதா பிரசாத் குழுவின் கருத்து இங்கேதான் வேலைக்கு ஆகும். தொழிற்கல்வி, பயிற்சிக்கான தேசியக் கவுன்சில் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2020 முதல் இயங்குகிறது. அதற்கு அதிகாரமும் இருக்கிறது.

கடைசியாக வாத்தியார். தமிழ்நாடு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரூ.2,877 கோடிச் செலவில் ரோபோ, சி.என்.சி. இயந்திரங்கள் என நவீனக் கூடங்கள் அமைத்தது. பாராட்ட வேண்டிய வேலை. நாட்டில் பல மாநிலங்கள் இன்னும் ஐம்பது வருடத்து லேத்தோடு நிற்கின்றன. ஆனால் இயந்திரம் வாங்க ஒரு டெண்டர் போதும். அதை இயக்கத் தெரிந்து, இயக்கக் கற்றுத்தரவும் தெரிந்த பயிற்றுநரைப் பிடிப்பதுதான் கஷ்டம். அவருக்குத் தொழிற்சாலை தரும் சம்பளத்தை ஐ.டி.ஐ. தருவதில்லை, பல மாநிலங்களில் இடம் காலியாகவும் ஒப்பந்த ஆளைக் கொண்டும் ஓடுகிறது. பி.எம்.-சேதுவில் தலைமை ஏற்கும் முன்னணி நிறுவனம் தன் மூத்த டெக்னீஷியன்களை வாரத்தில் இரண்டு நாள் அனுப்ப வேண்டும் என்ற ஒரு நிபந்தனை, இன்னொரு ரோபோவைவிட மதிப்புள்ளது.

பி.எம்.-சேதுவுக்கு ஐந்தாண்டு காலம். இந்த முறை எத்தனை லட்சம் சான்றிதழ் என்று அரசு அறிவிக்க வேண்டாம். ஒவ்வோர் ஐ.டி.ஐ.க்கும் எந்த நிறுவனம் எத்தனை ரூபாய் ரொக்கமாகக் கட்டியது, அங்கே படித்தவர்களில் எத்தனை பேரைப் பழகுநராக எடுத்தது, முடித்து ஓராண்டுக்குப் பிறகு எத்தனை பேர் பெயரில் வருங்கால வைப்பு நிதி செலுத்தப்படுகிறது என்ற மூன்று விவரங்களை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் உறுப்பினர்கள் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்க்கப்போகும் பெற்றோரும் சேர்க்கைப் படிவம் வாங்குமுன் முதல்வர் அறையில் இதையே கேட்கலாம்.